பின்பால் மிஷினை இடம் மாற்றியபின் வரும் தொல்லைகள்: அறிகுறியும் கைமருந்தும்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நாள் நெருங்கினால் எங்கள் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "அந்த மூணு பெட்டியையும் என்னைக்கு நகத்தப் போற?" என்பதுதான். கேட்பது அம்மா. பெட்டி என்பது பின்பால் மிஷின்: சாய்வான தளத்தில் உருண்டு வரும் எஃகுப் பந்தை, ஃபிளிப்பர் என்ற இரண்டு சிறு மட்டைகளால் தட்டித் தட்டி மேலே அனுப்பி ஆடும் விளையாட்டுப் பெட்டி. அத்தான் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது வீட்டுச் சாமான்களோடு கன்டெய்னரில் போட்டு, தூத்துக்குடி வழியாகக் கொண்டுவந்தவை அவை. அத்தானின் ஃபிளாட்டில் அதற்கெல்லாம் இடம் கிடையாது. பாளையங்கோட்டையில் எங்கள் பழைய வீட்டுப் பட்டாசாலை, அதாவது கூடம், சும்மாதான் கிடந்தது. அது இப்போது விளையாட்டு அறை.

ஒரு மிஷின் 110 முதல் 130 கிலோ வரும். சிமெண்ட் மூட்டை இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எடையை நான்கு மெல்லிய இரும்புக் காலில் நிறுத்தி, பின்பக்கம் மேலே ஸ்கோர் காட்டும் ஒரு தலைப்பெட்டியையும் ஏற்றினால் அதுதான் பின்பால். முதல் தடவை பார்த்த சுமைக்கார அண்ணாச்சி, "சவப்பெட்டிக்குக் காலு வச்ச மாதிரில்லா இருக்கு" என்றார். தப்பில்லை.

நான் மெக்கானிக் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது இவற்றை நகர்த்த வேண்டியிருப்பதால் கற்றுக்கொண்டவன். இடம் மாற்றிய மறுநாள் மிஷின் மக்கர் செய்தால் உடனே சர்க்யூட் போர்டைக் கழற்றாதீர்கள். "நேற்றுவரை சரியாகத்தானே ஓடியது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் காரணம் நாம் தூக்கிய, இழுத்த, மடித்த இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்.

எந்த அறிகுறிக்கும் முன்னால் செய்ய வேண்டியது மூன்று. பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டிக் கட்டுங்கள். காலில் சிக்கிய வயரால் விழுந்தவர்கள் உண்டு. பந்துகள் அத்தனையையும் எடுத்துவிடுங்கள். ஒரு பந்து 27 எம்.எம். விட்டம், 80 கிராம் எஃகு. பெட்டியை நிமிர்த்தினால் அது தன் இடத்திலிருந்து உருண்டு பிளாஸ்டிக்கை உடைக்கும், இல்லாவிட்டால் அடியில் விழுந்து வயர்களுக்குள் புகுந்துவிடும். மூன்றாவது, செல்போனில் உள்ளே நாலு படம். பிறகு எந்த கனெக்டர் எங்கே என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

தள்ளினால் நகரவில்லை, அல்லது ஒரு கால் மட்டும் மாட்டிக்கொள்கிறது

பீரோவை நகர்த்துவதில் எங்கள் வீட்டில் எல்லோருமே கெட்டிக்காரர்கள். அடியில் சாக்கைச் செருகி, இரண்டு பேர் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். முதல் வருஷம் நானும் சித்தப்பா மகனும் அதே தைரியத்தில் பின்பாலை இரண்டு பக்கமும் பிடித்துத் தள்ளினோம். மூன்று கால் நகர்ந்தது. நாலாவது கால் டைல்ஸ் இணைப்பில் மாட்டிக்கொண்டது. பெட்டியின் மூலையிலிருந்து "கிரீச்" என்று மரம் முனகும் சத்தம்.

காலின் அடியைக் குனிந்து பார்த்தால் காரணம் தெரியும். ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரு நீள போல்ட், அதன் அடியில் வட்டத் தட்டு. உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் லெவலர் அது. நேராக இறங்கும் எடையை அது தாங்கும்; பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது. ஒன்று மாட்டிக்கொண்டால் நாம் கொடுக்கும் தள்ளு முழுவதும் அந்தக் காலின் மேல்முனையில் உள்ள இரண்டு போல்ட்டுக்குப் போகிறது. அங்கிருந்து பிளைவுட் மூலைக்கு. லெவலர் வளைவது சில்லறைச் செலவு. மூலை பிளந்தால் ஆசாரி வர வேண்டும்.

சத்தம் கேட்டு வாசலில் நின்று பார்த்த அண்ணாச்சி, பாளை மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர், உள்ளே வந்தார். "தம்பி, காலைத் தள்ளாதிய. வயித்தத் தூக்குங்க" என்றார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் சட்டம். எடை பெட்டியின் வயிற்றில் உட்கார வேண்டும். கால்கள் சும்மா தொங்கிக்கொண்டு வர வேண்டும்.

இரண்டு அடி தூரம்தான் என்றால் இப்படிச் செய்யலாம். லெவலரை முழுவதுமாக உள்ளே திருகிவிடுங்கள். ஒருவர் முன்னால் காசு போடும் கதவுப் பக்கம் குந்தி, பெட்டியின் அடிப்பலகையில் கை கொடுத்து இரண்டு அங்குலம் தூக்கட்டும். இன்னொருவர் முன்கால் இரண்டின் அடியிலும் நாலாக மடித்த சாக்கையோ, தடித்த ஃபெல்ட் துண்டையோ வைக்கட்டும். பின்பக்கமும் அப்படியே. ஆனால் அங்கே தூக்க இரண்டு பேர் வேண்டும், ஏனென்றால் தலைப்பெட்டியின் கனம் முழுக்க அங்கேதான். அப்புறம் தள்ளும்போதும் கை பெட்டியின் உடம்பில், கீழ்ப்பாகத்தில் இருக்க வேண்டும். தலைப்பெட்டியைப் பிடித்துத் தள்ளினால் மிஷின் நகராது, சாயும்.

அதற்கு மேல் தூரம் என்றால் சக்கரம் வைத்த ஹைட்ராலிக் லிஃப்ட் டேபிளைத் தேடுங்கள். கோடவுன்களில் பெட்டி தூக்க வைத்திருப்பார்கள். 200 கிலோ தாங்குவதாகவும், இரண்டு அடிக்குக் குறையாமல் ஏறுவதாகவும் இருக்கட்டும். பெட்டியின் அடியில் நுழைத்து, மேலே ஒரு பழைய போர்வையை விரித்து, மிதியுங்கள். நடுவில் நிறுத்தினால் பின்பக்கம் தாழும். ஆகவே நடுவிலிருந்து ஒரு சாண் பின்னால் தள்ளி வைத்து, மெல்ல ஏற்றிப் பாருங்கள். நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விடும் இடம் கிடைக்கும்வரை இறக்கி ஏற்ற வேண்டும். காலுக்கும் தரைக்கும் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், இடைவெளி போதும். அதிகம் ஏற்றினால் ஆட்டம்தான் கூடும்.

ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. வடம் பிடிக்க எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும், பின்னால் தடி போடுகிறவர்கள் நெம்பிக் கொடுத்தால்தான் தேர் முதல் அசைவு அசையும். இழுப்பு அதற்குப் பிறகுதான். இன்னொன்றும் அங்கே பார்த்துப் படிக்கலாம்: எப்போது இழுக்க, எப்போது நிறுத்த என்று சொல்லும் குரல் ஒன்றாக இருக்க வேண்டும். பட்டாசாலையில் நாலு பேர் நாலு திசையில் "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கத்தியபோதுதான் சுவரில் ஓர் அரையடிக் கீறல் விழுந்தது.

கால் ஆடுகிறது, நகர்த்தும்போது "டக்" என்று சத்தம்

அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒரு காலுக்கு இரண்டு போல்ட், மொத்தம் எட்டு. பெரும்பாலான மிஷின்களில் போல்ட் தலை 5/8 அங்குலம். நம்மிடம் உள்ள 16 எம்.எம். ஸ்பேனர் அதற்குச் சரியாக உட்காரும். எட்டையும் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். நகர்த்துவதற்கு முன்பு ஒரு தடவை, வைத்தபிறகு ஒரு தடவை இறுக்குவது நல்ல பழக்கம்.

இறுக இறுக போல்ட் சும்மாவே சுற்றுகிறதா? பெட்டியின் உள்மூலையில் ஒரு இரும்புத் தகடு இருக்கிறது; போல்ட் பிடிப்பது அதன் மரையில்தான். மரை தேய்ந்திருந்தால் தகட்டை மாற்ற வேண்டும். போல்ட்டின் மரை மட்டும் போயிருந்தால் புது போல்ட் போதும். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

ஹார்டுவேர் கடையில் கை அளவைக் காட்டி, "இந்தத் தண்டிக்கு ஒரு போல்ட்" என்றேன். கடைக்காரர் 10 எம்.எம். போல்ட்டைக் கொடுத்தார். பார்வைக்கு ஒன்றேதான். இரண்டு சுற்று அழகாக உள்ளே போனது, பிறகு இறுகியது. இறுகுகிறதே என்று சந்தோஷப்பட்டு ராட்செட்டைப் போட்டு இன்னும் அழுத்தினேன். நல்லாயிருந்த தகட்டு மரையும் போனது. பின்பால் கால் போல்ட் 3/8 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 16 மரை. நம் ஊர்க் கணக்கில் மூணு நூல் போல்ட். 10 எம்.எம். அதைவிட அரை எம்.எம். தடிமன், மரையின் நெருக்கமும் வேறு. ஆகவே பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோய், "மூணு நூல், இதே மரை" என்று கேளுங்கள். தகட்டில் விரலாலேயே ஐந்தாறு சுற்று போக வேண்டும். போகாவிட்டால் அது வேறு போல்ட்.

ஒரு காலைக் கழற்ற வேண்டியிருந்தால் அந்த மூலைக்கு அடியில் முதலில் முட்டுக் கொடுங்கள். ஸ்டூல் ஆடும், செங்கல் உடையும். லிஃப்ட் டேபிள் இல்லையென்றால் பட்டியல் கட்டையை அடுக்கி வைக்கலாம். "நான் பிடிச்சுக்கிடுதேன், நீ கழட்டு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கதவு நிலையில் நுழையவில்லை

தலை நிமிர்ந்து நிற்கும் பின்பால் ஆறே கால் அடி உயரம். நம் பழைய வீடுகளில் உள்நிலைகள் குனிந்து போகிற உயரம்தான். அகலத்தைப் பாருங்கள்: உடல்பெட்டி 22 அங்குலம், ஆனால் தலைப்பெட்டி 28, 29 அங்குலம். நிறைய பேர் உடல்பெட்டியை மட்டும் அளந்துவிட்டு, "தாராளமாப் போகும்" என்பார்கள். எங்கள் இரண்டாங்கட்டு நிலை இரண்டரை அடி. கணக்குப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு அரை அங்குலம். கதவின் தாழ்ப்பாள் நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் இல்லை. கதவையே கீலிலிருந்து தூக்கி எடுத்துவிடுவது பத்து நிமிட வேலை. நான் அதைத்தான் சொல்வேன்.

தலைப்பெட்டி மடியும். மடக்கும் வரிசை முக்கியம். தலைப்பெட்டியின் முன்கண்ணாடியை முதலில் எடுத்துவிடுங்கள். பழைய மிஷின்களில் படமே கண்ணாடியின் பின்புறம் அச்சிட்டதாக இருக்கும். உடைந்தால் அதோடு போயிற்று. உள்ளே அடிப்பக்கத்தில் இரண்டு போல்ட் இருக்கும். 1990-களின் மிஷின்களில் பின்புறம் ஆலன் கீ போட்டுத் திருப்பும் பூட்டும் இருக்கும். இரண்டையும் விடுவிக்குமுன் ஒருவர் தலையை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சில பழைய மிஷின்களில் டிரான்ஸ்ஃபார்மரே தலைக்குள் இருக்கும். அந்தக் கனத்தை எதிர்பாராமல் பிடித்தால் கை ஏமாந்துவிடும்.

உடல்பெட்டிமேல் பழைய ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தபிறகு தலையை இறக்குங்கள். இறங்கும்போது கழுத்தைப் பாருங்கள். உடலிலிருந்து தலைக்குப் போகும் வயர்க் கட்டு அங்கேதான் மடிகிறது. நசுங்கினால் அதன் பலனை அடுத்த அறிகுறியில் பார்ப்பீர்கள். மடித்த தலையைக் கயிறு போட்டுப் பெட்டியோடு கட்டுங்கள். கயிறு மூலையில் பதியும் இடத்தில் துணி வையுங்கள்.

நேராகப் போகும் வழி என்றால் காலோடு, லிஃப்ட் டேபிளிலேயே தாண்டிவிடலாம். நிலை தாண்டியதும் திரும்ப வேண்டியிருந்தால் நாலரை அடி நீளம் நடையில் திரும்பாது. அப்போது பின்கால்களைக் கழற்றி, பெட்டியை அதன் பின்புறத்தின்மேல் நிமிர்த்தி நிறுத்தி, பிறகு முன்கால்களைக் கழற்ற வேண்டும். நிமிர்ந்த பெட்டி குளிர்சாதனப் பெட்டி போல இரண்டு சக்கர டிராலியில் நிற்கும், எந்த மூலையிலும் திரும்பும். டிராலியின் முதுகு பெட்டியின் அடிப்பலகைப் பக்கம் சாய்ந்திருக்கட்டும். வாசப்படியில் சக்கரத்தை "டொம்" என்று இடித்து ஏற்றாதீர்கள். இரண்டு பக்கமும் பலகைச் சாய்வு வைத்தால் மரமும் பிழைக்கும், அம்மாவின் வாயிலிருந்து நீங்களும் பிழைப்பீர்கள். நிலைப்படியில் எதையாவது இடித்தால் எங்கள் வீட்டில் அது ஒரு வாரப் பேச்சு.

தலையை நிமிர்த்தியபின் டிஸ்பிளே வரவில்லை, அல்லது ஒரு பக்க விளக்கு எரியவில்லை

ஃபியூஸைத் தேடி ஓடுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தலையைத் திறங்கள். உள்ளே வரிசையாக வெள்ளை, கறுப்பு கனெக்டர்கள். ஒவ்வொன்றையும் விரலால் அழுத்துங்கள். மடக்கியபோது இழுபட்டு ஒரு பக்கம் மட்டும் எழும்பி நிற்கும். பார்த்தால் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். முன்பு எடுத்த படம் இப்போது உதவும். கரண்ட் இருக்கும்போது கனெக்டரைப் போடவோ எடுக்கவோ கூடாது. போர்டு போய்விடும்.

கழுத்தில் வயர் நசுங்கித் தோல் கிழிந்திருந்தால் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டு ஆன் செய்ய வேண்டாம். அது எலக்ட்ரீஷியன் வேலை.

தலைப்பெட்டி போல்ட் இரண்டையும் திரும்பப் போட்டீர்களா? பின்பூட்டு பிடித்திருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். எதிரே நின்று ஆடுகிறவர் பிள்ளையாக இருந்தால் தலை விழும் உயரமும் பிள்ளையின் தலை உயரமும் ஒன்று.

கண்ணாடி

இதற்கு அறிகுறி எழுத வேண்டியதில்லை. சத்தம் தெரு முனைவரை கேட்கும்.

ஆடுதளத்தின் மேல்கண்ணாடி 21 அங்குல அகலம், 43 அங்குல நீளம், டஃபன்டு, அதாவது உறுதியேற்றிய கண்ணாடி. நடுவில் கையால் தட்டினால் ஒன்றும் ஆகாது. பந்து எகிறி அடித்தாலும் தாங்கும். ஆனால் ஓரம் கல்லில் பட்டால் முடிந்தது. எங்கள் வீட்டுச் சிவப்பு சிமெண்ட் தரையில் ஒரு மூலையை, மெதுவாகத்தான், ஊன்றினேன். ஒரு கணம் கையில் கண்ணாடி இருந்தது, மறுகணம் கையில் காற்று, காலைச் சுற்றிப் பொரிகடலை கொட்டின மாதிரி. செருப்புப் போட்டிருந்ததால் தப்பித்தேன்.

ஆகவே கண்ணாடியை முன்பக்கம் பிடித்திருக்கும் லாக்டவுன் பாரை எடுத்து, கண்ணாடியை இழுக்கும்போதே அது போய்ச் சாயும் இடத்தில் பாயோ மெத்தையோ கிடக்க வேண்டும். புதிதாக வாங்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 5 எம்.எம். தடிமனில் டஃபன்டு என்று அழுத்திச் சொல்லி, அளவை எழுதிக் கொடுங்கள். டஃபன் செய்தபிறகு நூல் அளவுகூட வெட்ட முடியாது. சாதாரணக் கண்ணாடி விலை குறைவுதான். உடைந்தால் கத்தி கத்தியாக உடையும், வேண்டாம்.

ஸ்டார்ட் செய்தவுடன் டில்ட் என்கிறது

மிஷினை உலுக்கிப் பந்தின் போக்கை மாற்றக் கூடாது என்பதற்காக 1930-களில் பின்பால் வடிவமைப்பாளர் ஹாரி வில்லியம்ஸ் கொண்டுவந்த ஏற்பாடு இது. காசுக் கதவைத் திறந்து இடப்பக்க உள்சுவரைப் பாருங்கள். ஒரு கம்பியில் சிறிய உலோகக் குண்டு தொங்கும். அதைச் சுற்றி ஒரு வளையம். கொத்தனாரின் தூக்குக்குண்டு தெரியும் அல்லவா, அதன் குட்டி. மிஷினை உலுக்கினால் குண்டு வளையத்தில் படும், கரண்ட் பாயும், ஃபிளிப்பர் செத்துவிடும்.

நகர்த்தியபின் டில்ட் என்றால் மூன்றில் ஒன்று. குண்டு ஆடி வளையத்தில் சிக்கிக் கிடக்கிறது: விரலால் விடுவியுங்கள். புது இடத்தில் தரை சாய்வு, அதனால் குண்டு சும்மாவே வளையத்தைத் தொடுகிறது: முதலில் மிஷினை மட்டம் செய்யுங்கள், பிறகும் தொட்டால் வளையத்தின் தாங்கியைச் சிறிது நகர்த்துங்கள். மூன்றாவது, குண்டு கம்பியில் இடம் சறுக்கியிருக்கிறது: பழைய இடத்தில் வைத்து அதன் திருகை முடுக்குங்கள். குண்டு கழன்றே விழுந்துவிட்டால் டில்ட் என்பதே வராது. பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், கால் போல்ட்டுக்குக் கேடு. குண்டைத் தேடி எடுத்து மாட்டிவிடுங்கள். நான் நகர்த்துமுன் கழற்றி, பந்துகளோடு ஒரே டப்பாவில் போட்டுவைக்கிறேன்.

வேலை முடிந்ததும் அண்ணாச்சியை ஆடச் சொன்னோம். மூட்டைக்குக் கொடுக்கிற மாதிரி இடுப்பால் ஒரு இடி கொடுத்தார். விளக்கெல்லாம் அணைந்தது.

"என்ன தம்பி, செத்துப் போச்சா?"

"டில்ட் அண்ணாச்சி. ஆடும்போது நகத்துனா கோவிச்சுக்கிடும்."

"அம்புட்டு நேரம் தூக்கிட்டு வந்தம்லா, அப்போ கோவிக்கலியா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

பந்து எப்போதும் ஒரே பக்கம் ஓடுகிறது, அல்லது மந்தமாக இறங்குகிறது

இது மிஷினின் குற்றமே இல்லை, வீட்டின் குற்றம். குற்றம் என்றும் சொல்ல முடியாது. நம் பழைய வீட்டுத் தரைகள் கழுவி விடுவதற்காகவே வாட்டம் வைத்துப் போட்டவை. தண்ணீர் தூம்பைப் பார்த்து ஓட வேண்டும் என்று கொத்தனார் பார்த்துப் பார்த்துச் செய்தது. பந்தும் தூம்பைப் பார்த்தே ஓடும்.

மட்டம் பார்க்க ரசமட்டம் போதும். பெட்டியின் விளிம்பிலோ கண்ணாடியிலோ வைக்காதீர்கள். கண்ணாடியை எடுத்துவிட்டு ஆடுதளத்திலேயே வையுங்கள். பெட்டியும் ஆடுதளமும் எல்லா மிஷினிலும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. முதலில் இடமும் வலமும். ஃபிளிப்பருக்குச் சற்று மேலே குறுக்காக வைத்து, தாழ்ந்த பக்க முன்காலின் லெவலரைத் திருகி ஏற்றுங்கள். பிறகு மேல்கோடியில், பின்கால்களுக்கு. முன்னால் மட்டமாகவும் பின்னால் சாய்வாகவும் காட்டினால் நான்கில் ஒரு கால் தரையைத் தொடாமல் இருக்கலாம். ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். உருவ முடிகிற கால்தான் கள்ளன்.

அடுத்தது முன்பின் சாய்வு. இப்போதைய மிஷின்களுக்கு 6.5 டிகிரி என்பது வழக்கம். அதாவது ஒரு மீட்டர் நீளத்துக்குப் பதினொரு சென்டிமீட்டர் சொச்சம் உயர வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் வருமுன் செய்த பழைய மிஷின்கள் இதைவிடக் குறைந்த சாய்வுக்கானவை. செல்போனிலேயே கோணம் காட்டும் ஆப் இருக்கிறது, அது போதும். பந்து மந்தமாக இறங்கினால் பின்கால் லெவலர் இரண்டையும் சம சுற்று வெளியே எடுங்கள், எண்ணிக்கொண்டே. அதிகம் ஏற்றினால் ஆட்டம் விறுவிறுப்பாகும், ஆனால் ஃபிளிப்பரால் பந்தை மேல்வரை அனுப்ப முடியாமல் போகும். லெவலரின் மரை ஓர் அங்குலமாவது காலுக்குள் இருக்க வேண்டும். வாட்டம் அதற்கு மேலும் கேட்டால் காலுக்கு அடியில் பிளைவுட் துண்டு வையுங்கள். கடைசியில் பூட்டு நட்டை முடுக்க மறந்தால் பத்தே நாளில் பந்து மறுபடி தூம்புக்குத் திரும்பிவிடும்.

பந்து குறைகிறது என்று டிஸ்பிளேயில் எழுத்து ஓடுகிறது

எண்ணிப் பாருங்கள். டப்பாவில் ஒன்று மிச்சம் இருக்கும். இல்லையென்றால் பந்து வந்து நிற்கும் பள்ளத்தில் தூசி அடைத்தோ, ஸ்விட்ச் கம்பி வளைந்தோ இருக்கும்.

தொட்டால் சுர்ரென்கிறது, அல்லது ஆன் செய்ததும் உறுமல், ஃபியூஸ் போகிறது

அமெரிக்காவிலிருந்து வந்த மிஷின் 120 வோல்ட்டுக்கு ஆனது. நம் வீட்டில் 230. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இணைப்பை மாற்றாத மிஷின் என்றால் வெளியே ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் ஓட வேண்டும். அறை மாற்றும்போது மிஷின் போய்விடும், டிரான்ஸ்ஃபார்மர் பழைய அறையிலேயே கிடக்கும். சித்தப்பா மகன் அடாப்டரைச் செருகி நேராகப் போட்டுவிட்டான். ஒரு உறுமல், ஃபியூஸ் போனது, நல்லவேளையாக அதோடு நின்றது. இப்போது பிளக்கிலேயே "120" என்று சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன்.

சுர்ரென்று பிடித்தால் பெரும்பாலும் புது இடத்து சாக்கெட்டில் எர்த் இருக்காது. மரச்செருப்புப் போட்டு ஆடலாம் என்று யோசிக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மாடிக்கு ஏற்ற வேண்டும்

வேண்டுமா என்று இன்னொரு தடவை யோசியுங்கள். வேண்டும்தான் என்றால் காலில்லாமல், தலை மடித்துக் கட்டி, டிராலியில் பட்டை போட்டு, மேலே இரண்டு பேர் இழுக்க, கீழே இரண்டு பேர் தாங்க. அந்தக் கூலியில் பேரம் பேச வேண்டாம். கீழே நிற்பவர் பெட்டிக்கு நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில் நிற்கட்டும். படி வளையும் இடத்தில் நாலரை அடி திரும்புமா என்பதை அட்டைப் பெட்டியை அதே அளவில் ஒட்டித் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் மச்சுப்படியில் அட்டையே திரும்பவில்லை. மூன்று மிஷினும் கீழேயே இருக்கின்றன.

லெவலர் திரும்ப மறுக்கிறது; தரையில் துருக் கறை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறியபோது ஒரு மிஷின் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் சித்தப்பா வீட்டில் இருந்தது. முழங்கால் அளவுத் தண்ணீர் உள்ளே வந்தது. தூக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. காப்பாற்றியது அந்த நான்கு கால்கள்தான். பெட்டியின் அடிப்பலகை நனையவில்லை. சித்தி மெயினை அணைத்துவிட்டதும் நல்லது. ஆனால் லெவலர் நான்கும் துருவேறிக் காலோடு ஒட்டிக்கொண்டன.

துரு பிடித்த லெவலரைப் பிடித்து முறுக்கினால் தண்டு ஒடிந்து பாதி காலுக்குள் நின்றுவிடும். துரு இளக்கும் எண்ணெயை மரையில் அடித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் முதலில் கால்வாசிச் சுற்று உள்ளே, பிறகு கால்வாசிச் சுற்று வெளியே. திரும்ப எண்ணெய். மூன்று லெவலர் அப்படி வந்துவிட்டது. நாலாவதைக் காலோடு கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வெள்ளத்தில் நின்ற மிஷினை உள்ளே முழுக்கக் காயவிட்டு, சாக்கெட்டையும் சோதித்தபிறகே பிளக் போட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கறை விஷயம் வேறு. பட்டாசாலையில் லெவலர் நின்ற இடமெல்லாம் வட்டமாகப் பழுப்புத் தடம் விழுந்திருந்தது. நான் அதை விட்டுவைத்தேன். வெள்ளையடித்து முடிந்ததும் மிஷினைத் தடத்திலேயே வைத்தால் மட்டம் பார்க்கும் வேலை பாதி குறையும் என்று கணக்கு. ஒவ்வொரு தடத்துக்கும் பக்கத்தில் எத்தனை சுற்று என்று பென்சிலால் எழுதியும் வைத்தேன். பெயின்ட்காரர்கள் போன சாயங்காலம் வந்து பார்க்கிறேன், தரை பளபளவென்று இருக்கிறது. அம்மா எலுமிச்சம்பழத்தையும் தேங்காய் நாரையும் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டாள். தண்ணீர் இன்னும் தூம்பைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. ரசமட்டம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடப் போனேன்.